பேருந்துக்கு மட்டும்

இந்த ஊரில் நான் பேருந்து ஓட்டப் பழகிய முதல் வாரம். காலை எட்டு மணி. ரயில் நிலையச் சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. நானும் அவற்றின் வாலில் போய் நின்றுகொண்டேன். இடது பக்கம் ஒரு முழுத் தடம், செங்காவி நிறம் பூசி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலியாகக் கிடந்தது. நின்றிருந்த கார்க்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஒருவரும் அதில் நுழையவில்லை. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் கிரகாம், "ஏன் நிற்கிறாய்?" என்றார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவனுக்குச் சாலையில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. "முன்னால் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "பள்ளமா, எங்கே?" அவருக்கு நான் கேட்டது புரியவில்லை, எனக்கு அவர் ஏன் பதறுகிறார் என்று புரியவில்லை. கடைசியில் தரையில் பெரிதாக எழுதியிருந்த வெள்ளை எழுத்துகளைக் காட்டினார். பஸ் லேன். "அது உன்னுடையது. போ."

போனேன். கார்கள் வரிசையாகப் பின்னால் நழுவின. சிக்னலை நெருங்கியதும் பேருந்துக்கென்றே தனியாக ஒரு விளக்கு எரிந்து எனக்கு மட்டும் வழி விட்டது. ஒரு ஓட்டுநருக்கு இதைவிட மரியாதை வேறென்ன கிடைத்துவிடும்? எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது. அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் முழுசாக அடங்கவில்லை.

நான் ஆவடிக்காரன். என் மனைவி பிரேமா நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு கவுண்டி மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஐந்தாறு சிறு நகரங்கள், நடுவில் வயலும் மாட்டுப் பண்ணையும். முதல் எட்டு மாதம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு இங்கேயும் ஓட்டுநர் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, பழையபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன். மூன்று பேர் மட்டும் ஏறும் கிராமத்துக்கும் மணிக்கொரு வண்டி போகிறது. நிறுத்தத்தில் உள்ள பலகை, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்கிறது, சொன்னபடி வருகிறது. தடத்துக்குள் கார் நுழைந்தால் கம்பத்தில் உள்ள கேமரா பார்த்துக்கொள்ளும், அபராதக் கடிதம் வீடு தேடிப் போகும். யாரும் விசில் ஊதுவதில்லை, கையை நீட்டிக் கத்துவதில்லை. வெறும் பெயின்ட்டுக்கு இத்தனை பேர் பயப்படுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்காது.

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி ஏறினாள். கையில் காப்பிக் கோப்பை, காதில் பாட்டு. பயண அட்டையைக் கருவியில் தட்டிவிட்டு, "நான்கு நிமிடம் தாமதம்" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தகவலாகச் சொன்னாள். நான் சாரி சொன்னேன். அவள் போய் உட்கார்ந்த பிறகு அந்த நான்கு நிமிடத்தை அடுத்த நிறுத்தம் வரை மென்றுகொண்டே போனேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்தது என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. பச்சைப் பொறாமை. நான்கு நிமிடத்தைத் தாமதம் என்று சொல்ல முடிகிற ஒரு வாழ்க்கையின் மேல் பொறாமை. ஏனென்றால் அந்த வயதில் பிரேமாவுக்கு ஒரு முழு வருடம் போயிற்று, அதுவும் என் வண்டியில் போயிற்று.

அப்போது நான் திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வழியாக நகரத்துக்குள் போகும் வண்டியில் ஓட்டுநர். பிரேமா திருமழிசையில் ஏறி வேலப்பன்சாவடியில் இறங்குவாள். அங்கே ஒரு கல்லூரியில் நர்சிங் கடைசி வருடம். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்திருப்பாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். சாலையின் ஒரு பக்கத்தைக் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். மீதி இருந்த பக்கத்தில் லாரி, தண்ணீர் வண்டி, கல்லூரி வண்டி, ஷேர் ஆட்டோ, நாங்கள், எல்லோரும். பூந்தமல்லியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எட்டே முக்காலுக்குள்ள போய்டுமாண்ணா? எனக்கு பிராக்டிகல் கீது."

"போய்டும்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "போய்டும்மா, அந்த லாரி நவுந்தா போதும்" என்றேன். லாரி நகர்ந்தது, இன்னொரு லாரி வந்து அந்த இடத்தில் நின்றது. மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். "போய்டும்." எட்டு ஐம்பதுக்கு அவள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் மழையில் ஓடினாள். என் கண்ணாடியின் வைப்பர் இரண்டு முறை போய் வருவதற்குள் ஆள் தெரியவில்லை. நான் அந்த இடத்திலேயே இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தேன்.

மறுநாள் அவள் ஏறவில்லை. அதற்கு மறுநாள் ஏறினாள். கோட்டுப் பை இல்லை. நேராக என்னிடம் வந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டாராம். அழுதும் பார்த்தாளாம், திறக்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். இவள் மறு தேர்வு எழுதி, அதன் முடிவு வந்து, நர்ஸாகப் பதிவு செய்து, எல்லாம் ஆக ஒரு வருடம் தள்ளிப்போய்விடும் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அதை அவள் கத்திச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

"போகாதுன்னு மொதல்லியே சொல்லிருந்தா பூந்தமல்லிலியே எறங்கி ஓடிருப்பேன். நீங்கதான் போய்டும், போய்டும்னு சொன்னீங்க."

அன்று மாலை, அதே தடத்தில் ஓட்டும் என் சினேகிதன் டில்லிபாபுவிடம் இதைச் சொன்னேன். பணிமனைக் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "மழ பேஞ்சா நீ இன்னா பண்ணுவ மாமே, உன் மேல இன்னா தப்பு" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனாலும் மறு தேர்வு எப்போது என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த நாளில் விடுப்பு எடுத்தேன், டில்லியின் பைக்கை வாங்கிக்கொண்டேன். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவிடம் முந்தின நாளே போய், விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ஸு ஓட்ற தம்பிதான நீ? சரி, பாத்து இட்டுக்கினு போ" என்றார். சந்து பொந்தெல்லாம் புகுந்து ஒன்றரை மணி நேரம் முன்பாகவே வேலப்பன்சாவடிக்குப் போய்விட்டோம். கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவள் புத்தகத்தைப் புரட்டினாள், நான் சாலையைப் பார்த்தேன். அன்று அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும்கூடக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

கதை இப்படி நல்லபடியாக முடிந்ததால் அந்த வருடம் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரேமாவோடு ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஜான்சி. அவள் சரியான நேரத்தில் முடித்து, ஒரு வருடம் முன்னால் கிளம்பி, இதே மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். நாங்கள் வந்து சேர்ந்தபோது பிரேமாவைப் போட்ட வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. பிரேமாவுக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று போடுகிறவள் ஜான்சி. நல்ல பெண், எங்கள் வீட்டுக்கு வந்து சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பெண். ஆனால் அவள் போன பிறகு பிரேமா பாத்திரம் கழுவுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை மட்டும் சொன்னாள்: "அவளவிட எனக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி." நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

இங்கே பேருந்து ஓட்ட ஆரம்பித்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். காலியான அந்தச் செங்காவித் தடத்தில் ஒரு சக ஓட்டுநரின் வண்டியில் பயணியாகப் போனபோது, முன் இருக்கையிலிருந்து செல்போனில் மூன்று நிமிடம் படம் பிடித்தேன். பக்கத்தில் கார்கள் நின்றுகொண்டிருக்க, பஸ் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிற படம். அதை டில்லிக்கு அனுப்பினேன். என் வயிற்றெரிச்சலைப் பகிர்ந்துகொள்ளத்தான் அனுப்பினேன்; அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் குரல் பதிவு வந்தது. பின்னால் ஹாரன் சத்தம். நெரிசலில் வண்டியை நிறுத்தியபடியே பேசியிருக்கிறான்.

"பாத்தேன் மச்சான். நாலு வாட்டி பாத்தேன். ஒரு பஸ்ஸு போறதுக்கு அவ்ளோ ரோடா. நான் இப்போ கரையான்சாவடிகிட்ட நாப்பது நிமிசமா நின்னுகினு கீறேன். முட்டி வலி தாங்கல. நல்லாரு. ஆனா இனிமே இத்தெல்லாம் அனுப்பாத மாமே, வவுறு எரியுது."

அதற்குப் பிறகு பல மாதம் அவன் பேசவில்லை. பொறாமையைப் பற்றி அப்போதுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் பட்டால் அது என் நியாயம், வேறொருவன் என்னைப் பார்த்துப் பட்டால் அது அவனுடைய சின்னத்தனம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

போன வசந்தத்தில் ரயில் நிலையச் சாலையின் விளக்குக் கம்பங்களில் ஒரு அறிவிப்புத் தாளைக் கட்டினார்கள். அந்தப் பேருந்துத் தடத்தை எடுத்துவிட்டு, கார் நிறுத்த இடம் விடலாமா என்று ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்களாம். கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள், கார்க்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். இருப்பதையே வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர்களை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் சொன்னேன். "சனிக்கிழமை மத்தியானம் கூட்டமாம். போலாமா?" அவளுக்கு அன்று விடுப்பு. "போலாம். ஆனா நீங்க பேசக் கூடாது" என்றாள்.

நூலகத்தின் மாடியில் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். பணி முடிந்து நேராகப் போனதால் நான் சீருடையில் இருந்தேன். கவுன்சிலர் ஒரு அம்மா, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேச அழைத்தார். பூக்கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்றார். ஒரு பெரியவர், காலி பஸ்ஸுக்கு எதற்குத் தனித் தடம் என்றார். இன்னொருவர் என் சீருடையைப் பார்த்து, "ஓட்டுநர் ஒருவர் இருக்கிறாரே, அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். பிரேமா என் முழங்கையைத் தொட்டாள். நான் எழுந்துவிட்டேன்.

என் இங்கிலீஷ் டிக்கெட் கொடுக்கவும் வழி சொல்லவும் போதும். மனதில் உள்ளதைச் சொல்லப் போதாது. "ஐ ஆம் ஜெலஸ்" என்று ஆரம்பித்தேன். "உங்கள் சாலையைப் பார்த்து எனக்குப் பொறாமை. தினமும் பொறாமை." அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "நீயும் ஒரு கார் வாங்கிக்கொள்ளேன் தம்பி, யார் தடுத்தார்கள்?" அறையே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. அவர்களிடம் கார் இருக்கிறதே என்றுதான் நான் பொறாமைப்படுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. உட்கார்ந்தேன்.

பிரேமா எழுந்தாள். வார்டில் டாக்டர்களிடமும் நோயாளிகளின் உறவினர்களிடமும் பேசிப் பேசி அவளுடைய இங்கிலீஷ் நேராகிவிட்டிருந்தது. சத்தம் கூட்டாமல் பேசினாள். திருமழிசை, மழை, பிராக்டிகல் எல்லாவற்றையும் சொன்னாள். "ஆறேழு கிலோமீட்டர். என் வாழ்க்கையில் ஒரு வருடம்" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த ஓட்டுநர் போய்விடும், போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் என்ன இருந்தது? வண்டி இருந்தது, வண்டி போவதற்கு வழி இல்லை. அழப்போகிற ஒரு பெண்ணிடம் சொல்ல அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த ஓட்டுநர்தான் இவர்." கார் வாங்கச் சொன்னவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர் அம்மா நன்றி சொன்னார். அடுத்த கேள்வி, மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்தம் பற்றியது என்றார்.

வீடு திரும்பும்போது என் சக ஓட்டுநரின் வண்டியில் மாடி இருக்கையில் உட்கார்ந்தோம். தடம் காலியாக இருந்தது, வண்டி நிற்காமல் போயிற்று. நான் கேட்டேன், "ஒம்போது வருசமா இத நீ என்கிட்ட சொல்லவேயில்லியே."

"எத?"

"என் மேல தப்பில்லன்னு."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தப்பில்லன்னு நான் எப்ப சொன்னேன்? உங்ககிட்ட வேற வார்த்த இல்லன்னுதான் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். பாதி மன்னிப்புதான். ஆனால் அதுவரை அந்தப் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. தடம் இருக்கும், காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் மட்டும். மற்ற நேரத்தில் கார்கள் நிற்கலாம். நாங்கள் பேசியதால்தான் பாதியாவது தப்பியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படி எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இப்போதெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சாலையில் போனால், செங்காவிப் பெயின்ட்டின் மேல் ஒரு நீலக் கார் நின்றிருக்கும். நான் அதைச் சுற்றிக்கொண்டு போவேன். அப்போது மட்டும் இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் பழகிய ஊர் மாதிரித் தெரியும். அதில் ஒரு கெட்ட சந்தோஷம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்.

இதை எழுதுவதற்குச் சில வாரம் முன்புதான் ஊருக்குப் போய் வந்தேன். டில்லியைப் பார்க்க நேராகப் பூந்தமல்லி நிலையத்துக்கே போய்விட்டேன். வண்டியை எடுக்கத் தயாராக இருந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பினான், பிறகு, "ஏறு. வேலப்பன்சாவடி தாண்டி டீ குடிக்கலாம்" என்றான். அவன் இருக்கைக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டி நின்றுகொண்டேன். சாலை நடுவே மெட்ரோத் தூண்கள் வரிசையாக எழும்பியிருந்தன. குத்தம்பாக்கத்தில் கட்டியிருக்கும் புதிய பேருந்து முனையத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னான். "அங்க எடம் தாராளமா கீதுபா. வண்டிய திருப்பறதுக்கு ரிவர்சே போட வேணாம்." சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தேன். அது அவனுடைய ஊர், அவனுக்கு வரப்போகிற இடம். எனக்கு அதில் எந்தத் தடமும் இல்லை.

வழக்கமாக நெரிசலில் சிக்கும் இடத்தில் வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் நின்ற வண்டியின் ஓட்டுநர் தலையை நீட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா அண்ணாத்தே, சீமையில ஓட்றியாமே. நம்ம ரோட்ட மறந்துட்டியா?" டில்லி எனக்கு முன்னால் பதில் சொன்னான்: "அவனுக்கு அங்க தனி ரோடே போட்டு வச்சிகீறாங்கபா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் படத்தை அனுப்பிய பிறகு அவன் என்னோடு சிரிப்பது இதுதான் முதல்முறை. அவன் மேல் எனக்கு வந்ததும் பொறாமைதான். நெரிசலில் நின்றபடி எதிர் வண்டிக்காரனோடு பேசுகிற அந்த அரை நிமிடம் இனி எனக்குக் கிடைக்காது.

இங்கிலாந்தில் நான் ஓட்டும் வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். ஷிஃப்ட் முழுவதும் இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை, அது சும்மா ஓரமாக இருக்கும். டில்லியின் வண்டி பழையது. முன்னால் நின்ற தண்ணீர் லாரி ஓரடி நகர்ந்தது. அவன் கிளட்சை மிதித்தான். நின்றிருந்த இடத்தில், வெறும் தகரத் தரையின் மேல், என் இடது காலும் கூடவே அழுந்தியது. அவன் முதல் கியரைப் போட்டு, பாதத்தை மெல்ல விடும்வரை நானும் விடவில்லை.